பிள்ளைகளோடு கொழும்பின் நினைவுச்சின்னங்களைப் பார்க்க

ஒரு காலையில் இரண்டு இடம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் சிறுவர் களைத்துவிடுவார்கள், பிறகு எதுவும் மனதில் நிற்காது.

காலை 8 மணிக்கு முன்பே விகாரமகாதேவி பூங்காவில் தொடங்குங்கள். அங்குள்ள முதலாம் உலகப்போர் நினைவுத்தூணை வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ். முதலில் அது காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் குறிபார்த்துத் தாக்க அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் இங்கே மாற்றினார்கள். “இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள்?” என்று பிள்ளை கேட்கும், அங்கிருந்தே கதையை ஆரம்பியுங்கள். பெயர்கள் பொறித்த சுவரில் ஒரேயொரு பெயரைத் தெரிந்தெடுத்து, மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நூறு பெயரை ஓட்டமாகப் பார்ப்பதைவிட அந்த ஒன்று ஆழமாகப் பதியும். படிகளில் ஏறி விளையாட விடாதீர்கள். ஓடுவதற்குப் பக்கத்திலேயே புல்வெளி இருக்கிறது.

பிறகு ஓட்டோவில் சுதந்திர சதுக்கம். அங்குள்ள மண்டபம் கண்டி மன்னர்களின் அரசவையான மகுல் மடுவவின் சாயலில் கட்டியது. அந்த மகுல் மடுவவில்தான் 1815இல் ஆட்சி பிரித்தானியரிடம் கைமாறியது. 1948 பெப்ரவரி 4இல் திரும்பக் கிடைத்ததை இது நினைவூட்டுகிறது. சுற்றியுள்ள சிங்கங்களை எண்ணச் சொல்லுங்கள், சின்னவர்களுக்கு அதுவே போதும்.

ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர், தொப்பி கட்டாயம். பத்து மணிக்குப் பிறகு கல்தரை சுடும்.

“எங்கட சண்டையில செத்தவைக்கு எங்க கல்?” என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். வயதுக்கேற்ப, உண்மையாகவே சொல்லுங்கள்.