லுவார் ஆற்றங்கரை மாளிகைகளுக்குச் சைக்கிளில்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

பாரிசில் பிள்ளைகள், சகோதரங்கள் வீட்டில் ஒரு மாதம் நிற்கப் போகிற நம்மூர்க்காரர் ஈபிள் கோபுரம் பார்ப்பார்கள், லூர்து மாதாவிடம் போய் வருவார்கள், லாச்சப்பலில் சாமான் வாங்குவார்கள். அதோடு நாள் முடிந்துவிடும். இன்னும் மூன்று நாளை ஒதுக்கினால், பாரிசுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணித்தியால ரெயில் ஓட்டத்தில் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆற்றை ஒட்டிச் சுமார் 900 கிலோமீற்றர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சமதரை. திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளிக்கு மிதித்துப் போய்த் திரும்பி வரக்கூடிய எவருக்கும் இது இயலும்.

அங்குள்ள மாளிகைகளைக் கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் வரும். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாம் கடந்துபோகிற பிரெட்ரிக் கோட்டை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கைமாறிய போர்க்கோட்டை. 1782இல் சுப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியும் அதைப் பிடித்தார். லுவாரில் பேர்பெற்றவை பெரும்பாலும் அப்படியல்ல. 16ஆம் நூற்றாண்டு அரசர்களும் பிரபுக்களும் வேட்டைக்கும் விருந்துக்கும் கட்டிய மாளிகைகள். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'சாத்தோ' என்றே பெயர்.

விசாவில் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தன் ஊர் நகரசபையில் எடுத்துத் தரும் வரவேற்புச் சான்று தேவை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் தேவை. சைக்கிள் பயணத்தில் வெளியே தங்கும் இரவுகளுக்கு விடுதிப் பதிவையும் விண்ணப்பத்தோடு சேருங்கள். பயணத் திட்டமும் தங்குமிடமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

காலம்: மே, யூன், செப்ரெம்பர். யூலை, ஓகஸ்டில் கூட்டம் கூட. யூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆனால் காலைக் குளிர் நம்மை உறைய வைக்கும், மழையும் சொல்லாமல் வரும். மெல்லிய மழைச் சட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

தங்குவதற்குப் புளுவா என்ற ஊரே நல்லது. ஓரிடத்தில் நின்று தினமும் போய் வருவதால் பொதி சுமக்க வேண்டியதில்லை. லாச்சப்பலில் இருப்பவர்கள் வட ரெயில் நிலையத்தில் 5ஆம் இலக்க மெற்றோ எடுத்தால் நேரே ஒஸ்தெர்லித்ஸ் நிலையம். அங்கிருந்து புளுவாவுக்கு ரெயில். உறவினரின் சைக்கிளைப் பாரிசிலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மெற்றோவில் ஏற்ற விடமாட்டார்கள், கோடையில் சைக்கிளுக்கு முன்பதிவு கேட்கும் ரெயில்களும் உண்டு. புளுவாவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். விடுதி தேடும்போது 'அக்கேய் வெலோ' என்ற பச்சை முத்திரையைப் பாருங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்கும், இரவில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் திருத்தும் கருவிகளும் வைத்திருக்கும் இடங்களுக்கே அதைக் கொடுக்கிறார்கள்.

சைக்கிளைக் கையில் வாங்கியதும் நான்கைப் பாருங்கள். முதலாவது பிறேக். இங்கே வலக்கைப் பிறேக் முன்சில்லைப் பிடிக்கும், அங்கே இடக்கைப் பிறேக். பழக்கதோசத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தால் முன்சில்லு நின்று ஆள் தலைகீழாகப் போவார். கடைக்கு முன்னாலேயே பத்துத் தடவை மெதுவாகப் பிடித்துப் பழகுங்கள். இரண்டாவது இருக்கை உயரம்: குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே தள்ளும்போது முழங்கால் நேராக வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் 20 கிலோமீற்றரில் முழங்கால் வலிக்கும். மூன்றாவது காற்று வால்வு. அங்கே பல சைக்கிள்களில் மெல்லிய வால்வு இருக்கும். அதன் நுனியிலுள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தாமல் பம் அடித்தால் காற்று ஏறாது. எவ்வளவு காற்று என்பது ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். நான்காவது மணி, முன் பின் விளக்கு, பூட்டு. பூட்டு இல்லாத சைக்கிளை எடுக்கவே வேண்டாம். சால்வை, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், பின்சில்லில் சுற்றும்.

இனிப் பெரிய ஆபத்துக்கு வருவோம்: அங்கே வலப்பக்கத்தால் ஓட்ட வேண்டும். நெரிசலான தெருவில் யாரும் பிழை விடுவதில்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவோம். பிழை நடப்பது ஆளில்லாத ஊர்த் தெருவில். காலையில் விடுதி வாசலால் வெளிக்கிடும்போதும், படம் எடுக்க நின்று மறுபடி ஏறும்போதும், இடப்பக்கம் திரும்பிய பிறகும் கை தானாகவே இடது ஓரத்துக்குப் போகும். வலது கைபிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்: தெரு ஓரம் எப்போதும் அந்தப் பக்கம். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நமக்கு இங்கே வலப்பக்கம் திரும்புவது கஷ்டம், அங்கே இடப்பக்கம் திரும்புவது கஷ்டம். வாகனம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கமில்லை. சுற்றுவட்டத்தில் வலப்பக்கமாக நுழைந்து கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். இன்னொன்று: பலகையோ கோடோ இல்லாத சந்தியில் வலப்பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் வருகிறவருக்கே முதல் உரிமை. கிராமங்களில் இது அடிக்கடி வரும், அவர் நிற்கமாட்டார்.

காதில் இயர்போன் போட்டு ஓட்டினால் 135 யூரோ தண்டம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிலோ புகாரிலோ போனால் மினுங்கும் மேற்சட்டை கட்டாயம்.

முதல் நாள் ரெயிலால் இறங்கி, நிலையத்துக்குக் கிட்டவே உள்ள புளுவா மாளிகையை மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள் ஷாம்போர். ஆற்றைக் கடந்து தென்கரையால் போனால் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். 1519இல் முதலாம் பிரான்சுவா அரசர் தொடங்கிய கட்டடம். நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு: ஒருவர் ஏற, மற்றவர் இறங்க, இருவரும் சாளரத்தால் ஒருவரையொருவர் பார்த்தாலும் வழியில் சந்திக்கமாட்டார்கள். பிள்ளைகளை விட்டுப் பாருங்கள், பிறகு கூட்டிக்கொண்டு வருவது கஷ்டம். கூரை மாடத்துக்குக் கட்டாயம் ஏறுங்கள், புகைபோக்கிகளும் கோபுரங்களும் ஒரு சின்ன ஊர் போல நிற்கும். சுற்றிவரக் காட்டை 32 கிலோமீற்றர் மதில் வளைத்திருக்கிறது. இதற்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள். கால் ஒத்துழைத்தால் ஷெவெர்னி மாளிகை வழியாகத் திரும்பலாம், மொத்தம் 50 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஷெவெர்னியை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. ஒரே நாளில் இரண்டு மாளிகைக்குள் போனால் இரண்டும் மனதில் நிற்காது.

சாப்பாட்டில்தான் பலர் அகப்படுகிறார்கள். கிராமக் கடைகள் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் பூட்டியிருக்கும். ஞாயிறு பின்னேரமும் திங்களும் பல இடங்கள் திறப்பதேயில்லை. காலையிலேயே நீளப் பாண் வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டிலிருந்து சீனிச்சம்பல் ஒரு சிறு போத்தல் போதும், மூன்று நாளும் தாங்கும். தேங்காய்ச்சம்பல் வேண்டாம், வெயிலில் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். தண்ணீர் முடிந்தால் ஊர்ச் சவக்காலையைத் தேடுங்கள். பூக்களுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். குழாயில் 'நோன் பொத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் சைக்கிளோடு ரெயிலில் 20 நிமிடத்தில் அம்புவாஸ். லியொனார்டோ டாவின்சி 1519இல் இறந்த ஊர் இது, மாளிகையின் சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிருந்து இரண்டு தெரிவு. ஆற்றோரமாகப் புளுவாவுக்கே மிதித்துத் திரும்பலாம். ஏறக்குறைய 40 கிலோமீற்றர், வழியில் ஷோமோன் மாளிகை. லுவார்ப் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் ரெயிலில் மேற்கே போய் கிழக்கே மிதிப்பது சுகம், மாறிச் செய்தால் நாள் முழுதும் எதிர்க்காற்று. இல்லையென்றால் காட்டு வழியால் சுமார் 15 கிலோமீற்றர் தள்ளி ஷெனொன்சோ. ஊரைவிட்டு வெளிக்கிட்டதும் ஒரு ஏற்றம் உண்டு, சின்னக் கியரில் மெதுவாக ஏறுங்கள். ஷேர் ஆற்றின் மேல் 60 மீற்றர் நீள மண்டபத்தோடு பாலம் போல நிற்கிற மாளிகை அது. முதலாம் உலகப் போரில் அந்த மண்டபமே காயப்பட்ட படையினருக்கு வைத்தியசாலை. வாசலுக்குக் கிட்டவே தூர் நகரத்துக்குப் போகும் ரெயில் நிற்கும். ஆனால் அந்தப் பாதையில் ரெயில்கள் குறைவு. நுழைவுச்சீட்டு எடுக்கும் முன்னரே திரும்பும் நேரத்தைப் பார்த்து வையுங்கள், வாடகைச் சைக்கிளைக் கடை பூட்டும் முன் ஒப்படைக்க வேண்டிய நேரத்தையும் அதில் கூட்டுங்கள்.

போக முன்னர் மூன்று கிழமை, வெயில் ஏற முன் வெள்ளனவே நிலாவெளிக்குப் போய் வாருங்கள், கிழமைக்கு இரண்டு தடவை. கடைசிக் கிழமையில் ஒரு நாள் குச்சவெளிவரை. கால்களைவிட, இருக்கையில் நெடுநேரம் உட்காரத்தான் பழக வேண்டும்.