லோயர் லிங்க் ஆடுகிறதா? டிராக்டர் இணைப்பில் பால், பின், செயின் மாற்றும் முறை

கலப்பையைத் தூக்கி இறக்கும்போது பின்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறதா? உழும்போது கலப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதா? கலப்பையைச் சமமாக்கும் லெவலிங் பாக்ஸை எவ்வளவு திருகினாலும் கொத்துகள் சமமாக இறங்க மறுக்கின்றனவா? டிராக்டரையும் கலப்பையையும் சேர்க்கும் இணைப்பு (கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க்) தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பலரும் நேராகக் கடைக்குப் போய் இரண்டு புதுப் பின் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் தேய்ந்தது பின் மட்டுமாக இருப்பது அபூர்வம். பின் நுழைகிற பாலின் (லிங்க் முனையில் இருக்கும் ஓட்டையுள்ள உருண்டை, ball) ஓட்டையும் ஓவலாகியிருக்கும். அந்த ஓட்டைக்குள் புதுப் பின்னை விட்டால் அது முழுதாகப் பதியாமல் ஒரே கோட்டில் சுமையைத் தாங்கி, சீக்கிரமே பழைய பின்னின் கதிக்கு வந்துவிடும். அதனால் முதலில் அளவெடுங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.

சென்னையைச் சுற்றி செங்குன்றம், பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் இந்த வேலைக்குத் தோதான நேரம் சொர்ணவாரி அறுவடை முடிந்து சம்பா உழவு தொடங்குவதற்கு முன்னால். சேற்றுழவு செய்யும் வண்டிகளில் மணல் கலந்த சேறு பாலுக்குள் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும். பழவேற்காட்டுப் பக்கம் உப்புக் காற்றும் சேர்வதால், பல பின்கள் துருவில் இறுகி சுத்தியல் இல்லாமல் கழலாது.

அளவெடுப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கிக் கழற்றுங்கள். லிஃப்ட் லீவர் கீழே இருக்கட்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நுழையக் கூடாது. லிஃப்ட்டில் எண்ணெய் கசிந்தாலோ யாராவது லீவரைத் தொட்டாலோ மொத்த எடையும் இறங்கிவிடும்.

மண்ணையும் கிரீஸையும் டீசலில் கழுவித் துடைத்துவிட்டு வெர்னியரை எடுங்கள். பின்னில் தேயாத இடம் தோள்பட்டையை ஒட்டி இருக்கும். அங்கே ஓர் அளவு, பால் உட்காரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு. பால் ஓட்டையிலும் அதேபோல இரண்டு திசையில் அளவெடுங்கள்.

கேட்டகரி என்பது இணைப்பின் அளவு வகை. கேட்டகரி 1 இணைப்பில் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., பால் ஓட்டை 22.4 மி.மீ., பாலின் அகலம் 35 மி.மீ. கேட்டகரி 2-இல் பின் 28 மி.மீ., ஓட்டை 28.7 மி.மீ., அகலம் 45 மி.மீ. டாப் லிங்க் பின் முதலாவதில் 19 மி.மீ., இரண்டாவதில் சுமார் 25 மி.மீ. புதிதாக இருக்கும்போதே பின்னுக்கும் பாலுக்கும் நடுவே அரை மி.மீ. அளவுக்கு இடைவெளி உண்டு. அது 2 மி.மீட்டரைத் தாண்டினால் மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். பால் தன் கூட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் 3 மி.மீ. துள்ளினாலோ, கூட்டின் விளிம்பில் விரிசல் தெரிந்தாலோ, அந்த லிங்கில் ஒரு நாள்கூட உழ வேண்டாம்.

கேட்டகரி 2 பாலில் கேட்டகரி 1 பின்னைப் போட்டு ஓட்டுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அங்கே 6 மி.மீட்டருக்கும் மேல் வெற்றிடம் இருக்கிறது. ஒவ்வொரு தூக்கலும் ஒரு சுத்தியல் அடிதான். இதற்கென்றே 22 மி.மீ. பின்னை 28 மி.மீ. ஓட்டைக்குப் பொருத்தும் ரெடியூசிங் புஷ் கடையில் கிடைக்கிறது. குழாய்த் துண்டை வெட்டிச் சொருகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வாங்குவது

பழைய பின்னையும், அது கழன்றுவிடாமல் தடுக்கும் வளையமுள்ள லிஞ்ச் பின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டியின் மாடலை மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான அளவு வந்துவிடும், ஏனென்றால் கலப்பைப் பக்கத்துப் பின் வண்டிக் கம்பெனியுடையது அல்ல. லோயர் லிங்கை உங்கள் வண்டி கம்பெனியின் டீலரிடமே கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய லிங்க் மலிவாகக் கிடைக்கலாம். சுமை தாங்கும் பாலைப் பொறுத்தவரை அந்த மிச்சம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து: வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எவ்வளவு தேய்ந்தது, எங்கே வெல்டு வைத்தார்கள் என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். லிஞ்ச் பின்னை மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.

கழற்றுவது

1. இரண்டு லிங்கிலும் சாக்பீஸால் இடது, வலது என்று எழுதுங்கள்.
2. லிங்கைத் தூக்கும் லிஃப்ட் ராடின் கீழ்ப் பின்னைக் கழற்றுங்கள். லிங்க் கனமானது, சட்டென்று விழும். கீழே மரக்கட்டை வையுங்கள், இன்னொருவர் பிடிக்கட்டும்.
3. லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைக் கழற்றுங்கள்.
4. கடைசியாக, வண்டியோடு சேரும் முன்பக்கப் பின். இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அடிக்க வேண்டி வந்தால் நடுவில் பித்தளைத் துண்டு வையுங்கள். நேராக அடித்தால் பின்னின் முனை காளான் மாதிரி விரிந்து வெளியே வராது.

பால் மாற்றுவது

புது லிங்க் வாங்கிவிட்டால் கழற்றிய வரிசையைத் திருப்பிச் செய்தால் போதும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வோம். லிங்க் நேராக இருந்து பால் மட்டும் போயிருந்தால், வெல்டு வைக்கும் பால் முனை தனியாகக் கிடைக்கும். அதை நல்ல பட்டறையில் கொடுங்கள். பட்டறைக்காரர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் முன் ஓட்டையின் மையத்திலிருந்து பால் ஓட்டையின் மையம் வரை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு லிங்கும் ஒரே நீளம் இருந்தால்தான் கலப்பை நேராகப் போகும். நீளம் வித்தியாசப்பட்டால் கலப்பை கோணிக்கொண்டு நிற்கும். வெட்டிய இரண்டு முனைகளையும் இரு பக்கமும் சுமார் 30 டிகிரி சாய்வாக கிரைண்ட் செய்து, நடுவில் 2, 3 மி.மீ. தட்டையாக விட வேண்டும். சாய்க்காமல் மேலோட்டமாக வைத்த வெல்டு பார்க்க அழகாக இருக்கும், முதல் வரப்பில் ஒடியும்.

நேராகப் பிடிக்க ஒரு வழி: இரண்டு லிங்கையும் ஒரு சேனல் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன் ஓட்டைகளில் ஒரே கம்பியையும் பால் ஓட்டைகளில் இன்னொரு கம்பியையும் நுழைத்துவிட்டு டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடிக்கச் சொல்லுங்கள். லிங்க் கடினமான எஃகு என்பதால் வெல்டுக்கு முன்னால் 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்க வேண்டும். எலக்ட்ரோடு (வெல்டிங் குச்சி) 7018 ரகம். சாதாரண 6013 இதற்கு ஆகாது. 7018-உம் காய்ந்திருக்க வேண்டும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாக்கெட் பிரித்து வைத்த எலக்ட்ரோடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டின் ஓரத்தில் விரிசலாகும், அதுவும் சில மணி நேரம் கழித்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு. அடுப்பில் சுட்ட எலக்ட்ரோடைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கம் மாற்றி மாற்றி வெல்டு வைத்தால் லிங்க் வளையாது. பால் மேல் தகரம் மூடியிருந்தால் தெறிப்பு உள்ளே போகாது. முடிந்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் கண்ணாடிபோல உடையும். வெல்டு எப்போதும் கழற்றிய லிங்கில்தான். வண்டியில் வைத்தே செய்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

கலப்பைப் பக்கம்

கலப்பைச் சட்டத்தில் பின் நிற்கும் ஓட்டையையும் பாருங்கள். நட்டு தளர்ந்து ஓடியிருந்தால் அது முட்டை வடிவமாகியிருக்கும். அந்த ஓட்டையை வெல்டால் நிரப்பித் திரும்பத் துளை போட முயல வேண்டாம், டிரில் ஒரு பக்கமாக ஓடும். 10 மி.மீ. தகட்டில் பின் அளவுக்கே துளை போட்டு, சட்டத்தின் இரு பக்கமும் வைத்து, சுற்றி வெல்டு வையுங்கள். பிறகு ஸ்பிரிங் வாஷர் போட்டு நட்டை முழு பலத்தில் முறுக்குங்கள்.

டாப் லிங்கில் பார்க்க வேண்டியது மரை. நடுக் குழாயைப் பிடித்து முனைகளை ஆட்டுங்கள், கடகடவென்றால் முழுதாக மாற்றுங்கள். வேலை செய்யும்போது இரு முனையிலும் குறைந்தது 40 மி.மீ. மரை உள்ளே இருக்க வேண்டும். செக் செயினில் கண்ணிகள் உரசும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் செயின் முடிந்தது.

லிஞ்ச் பின்னுக்குப் பதில் ஆணி, கட்டுக்கம்பி, போல்ட் எதுவும் வேண்டாம். வளையம் சொடுக்கென்று மூடவில்லை என்றாலே அதைத் தூக்கிப் போடுங்கள்.

சோதனை

லேசான கலப்பையை மாட்டி, மெதுவாகப் பத்துத் தடவை தூக்கி இறக்குங்கள். லிங்க் டயரில் உரசக் கூடாது. கொத்துக் கலப்பைக்கு இரு பக்கமும் சுமார் 5 செ.மீ. ஆட்டம் இருக்கட்டும், ரோட்டவேட்டருக்கு செயினை இறுக்கிவிடுங்கள். பாலுக்குக் கிரீஸ் அப்ப வேண்டாம், மணல் ஒட்டி அரைக்கும். சேற்றுழவு முடிந்ததும் கழுவிவிட்டு லேசாக எண்ணெய் தடவினால் போதும். முதல் ஏக்கர் உழுதவுடன் வண்டியை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, பின் நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். புது வாஷர் படிந்து நட்டு தளர்ந்திருக்கலாம்.