300 வெள்ளிக்குள் ஒரு சின்ன டீசல் எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது எப்படி

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை போகும் வழியில் எங்கள் நண்பர்கள் கூட்டம் வருஷா வருஷம் ஒரு சின்னத் தண்ணீர்ப்பந்தல் போடும். பந்தலின் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு பழைய ஜெனரேட்டர்தான் துணை. அதை ஓட்டுவது ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும், மேலே தண்ணீர்த் தொட்டி. நெல் வயல் பக்கமும் படகுகளிலும் இந்த வகையைப் பார்த்திருப்பீர்கள். போன தைப்பூசத்தில் நள்ளிரவு தாண்டித் தொட்டி வற்றி, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பட்டறையில் காட்டியபோது, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் தம்பி" என்றார்கள். கூட்டத்தின் கையில் இருந்தது 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

அதற்குள் முடிந்தது. எப்படி என்பதை, ஸ்பேனரை இப்போதுதான் கையில் எடுப்பவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

திறப்பதற்கு முன்: காற்று எங்கே போகிறது?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போய்வரும் உருளையான பிஸ்டன் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூவப்பட்டதும் தானே பற்றுகிறது. காற்று கசிந்தால் சூடு வராது, சூடு வராவிட்டால் எஞ்சின் பிடிக்காது. ஆகவே பெரும்பாலும் நாம் தேடுவது ஒன்றைத்தான்: நசுங்க வேண்டிய காற்று எந்த வழியாக ஓடுகிறது?

முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த ஆயிலோடு எஞ்சினைச் சுற்றவே கூடாது. எங்களுடையது கறுப்பாகத்தான் இருந்தது. அடுத்து கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவே வரவில்லை என்றால் இரும்புக் குழாய் சொருகி நெம்பாதீர்கள். டீசலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஓரிரு நாள் ஊற விடுங்கள். எஞ்சின் உடம்பிலேயே ஓட்டை விழுந்து கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் சுழலும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) எட்டிப் பார்க்கிறது என்றால் சின்ன பட்ஜெட்டில் அதைத் தொட வேண்டாம்.

சுற்ற வருகிறதா? தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, பிஸ்டன் காற்றை அமுக்கும் இடம்வரை சுற்றி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல எஞ்சின் மெத்தைபோலக் கையைத் திருப்பித் தள்ளும். கெட்டது "உஸ்" என்று தளரும். அந்த "உஸ்" எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். புகைக்குழாயில் கேட்டால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டியில் கேட்டால் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய பிஸ்டன் ரிங். தொட்டித் தண்ணீரில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் எஞ்சின் உடம்பான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு. இந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது. ஆனால் எந்தச் சாமானை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடும்.

(ரிங் கசிகிறதா என்று அறிய, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. படுத்த சிலிண்டரில் ஆயில் அடிப்பக்கமே தேங்கிவிடும், அதனால் நான் காதைத்தான் நம்புகிறேன்.)

எங்கள் எஞ்சினில் குமிழியும் வந்தது, ஆயில் வாயில் சத்தமும் கேட்டது. கேஸ்கெட், ரிங் இரண்டுமே.

கழற்றுவது

எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர், ஆயில், டீசல் மூன்றையும் வடித்துவிடுங்கள். வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் நன்றாகத் தேயுங்கள். திறந்த பிறகு உள்ளே விழும் ஒரு மணல் துகள், வாங்கிப் போட்ட ரிங்கையே தின்றுவிடும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். ஒரு பழைய அட்டைப்பெட்டியில் எஞ்சினின் உருவத்தைக் கிறுக்கி, கழற்றிய போல்ட்டை அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். டீசல் குழாய்களைக் கழற்றியதும் வாயைப் பிளாஸ்டிக்கால் கட்டுங்கள்.

ஹெட் நட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். சூடேறிய ஹெட் இன்னும் வளையாமல் இருக்க அதுதான் வழி.

கேஸ்கெட்டும் ஹெட்டும்

கழற்றிய கேஸ்கெட்டை உடனே வீசிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்களுடையதில் சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர் ஓட்டைவரை பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. தகடு அங்கே பொரிந்து மெலிந்திருந்தது. குமிழி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. கோடு இருந்த இடத்துக்கு நேரே ஹெட்டிலும் பிளாக்கிலும் கவனமாகப் பாருங்கள், விரிசலோ அரிப்போ இருக்கலாம்.

ஹெட்டை மொட்டைக் கத்தியால் சுரண்டித் துடைத்து, நேரான எஃகு ஸ்கேலை நிமிர்த்திக் குறுக்கும் நெடுக்கும் வையுங்கள். 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஸ்கேலுக்கு அடியில் எங்குமே நுழையவில்லை என்றால் பயமில்லை. நுழைந்தால் பட்டறையில் கொடுத்துச் சீவ வேண்டும். சீவினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். அதை அளக்க பிஸ்டன் தலையில் ஈயக்கம்பித் துண்டுகளைக் கிரீஸில் ஒட்டி, பழைய கேஸ்கெட்டைப் போட்டு ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் இடைவெளி, எஞ்சின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எங்களுக்குச் சீவ வேண்டிய அவசியம் வரவில்லை.

ஹெட் கையில் இருக்கும்போதே வால்வுகளையும் பார்த்துவிடலாம். அரைக்கும் பசையைத் தடவி, குச்சியில் ஒட்டிய வால்வை மோர் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டுங்கள். விளிம்பில் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழுந்தால் போதும். பசையைச் சுத்தமாகக் கழுவி, ஸ்பிரிங் போட்டு, வால்வுப் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு சொட்டும் கசியக்கூடாது.

பிஸ்டனும் ரிங்கும்

பின் மூடியைத் திறந்து, கனெக்டிங் ராடின் கேப்பை (மூடியை) கழற்றுங்கள். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மாறிப் போட்டால் பேரிங் போய்விடும். லைனர் (பிஸ்டன் ஓடும் உள் குழாய்) வாயில் படிந்த கரியைச் சுரண்டியபின் பிஸ்டனை ஹெட் பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

இப்போது லைனரின் உள்ளே நகத்தை ஓட்டுங்கள். ரிங் உரசி நிற்கும் எல்லையில் நகம் படியில் ஏறுவதுபோல் தட்டினால், அல்லது நீளக் கீறல் நகத்தில் மாட்டினால், லைனரையும் மாற்ற வேண்டும். பட்ஜெட் தாண்டுவது அங்கேதான். எங்கள் லைனர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது, படி இல்லை. ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை அளந்தேன். 100 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்வரை இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு, சின்ன சிலிண்டருக்கு அதே விகிதத்தில் குறையும். எங்களுடையதில் 1 மில்லிமீட்டருக்கு மேல். வேறு யோசனையே வேண்டாம், புது ரிங்தான்.

வழுவழுப்பான லைனரில் புது ரிங் படியாது. எமரி பேப்பரில் ஆயில் தொட்டு, குறுக்குக் கோடுகள் விழும்படி சுற்றிச் சுற்றித் தேயுங்கள். அடியில் கிராங்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் முதல் முறை சாம்பல் பூசியதுபோல் வரும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை கழுவினேன், ஆறு முறை. உடனே ஆயில் பூசுங்கள், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே துரு பூக்கும்.

ரிங்கில் எழுத்துள்ள பக்கம் பிஸ்டன் தலையைப் பார்க்க வேண்டும். வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழசாக வாங்கினேன். எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல். கேஸ்கெட், ரிங், ஆயில் வடிகட்டி மூன்றும் புதுசு. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டை மறுபடி போடவே போடாதீர்கள்.

பூட்டுவது

கேஸ்கெட்டில் கிரீஸ் எதுவும் பூச வேண்டாம். ஹெட் நட்டுகளை எதிரெதிர் மூலையாக, மூன்று தவணையாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள், கை உணர்வை நம்பாதீர்கள். அமுக்கும் கட்டத்தின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ளது) வையுங்கள். அதற்கும் கையேட்டு அளவுதான். ஃபீலர் தகடு தாளை உருவுவதுபோல் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

புது மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) ஊற்றுங்கள். எஸ்.ஏ.இ 40 நம் வெயிலுக்குப் பொருந்தும்.

அடுத்து டீசல் பாதையில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை விடுங்கள். பிறகு பம்பில். கடைசியாக இன்ஜெக்டருக்கு வரும் குழாயின் நட்டைத் தளர்த்தி, கைப்பிடியால் சுற்றி டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை ஒருபோதும் நேரே நீட்டாதீர்கள்.

முதல் ஓட்டம்

கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த விரல்தான் முதலில் உடையும். காற்று வாயை மூட ஒரு தட்டைப் பலகையைப் பக்கத்திலேயே வையுங்கள். டீசல் எஞ்சின் சிலசமயம் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். டீசலை மூடினாலும் நிற்காது, காற்றை மூடினால்தான் நிற்கும். வெறுங்கையால் மூடாதீர்கள்.

முதலில் வரும் வெள்ளைப் புகை எஞ்சின் சூடானதும் அடங்க வேண்டும். அடங்காத வெள்ளை, தண்ணீர் அல்லது எரியாத டீசல். நீலம், ஆயில். பாரம் ஏற்றியபோது கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அரைமணி நேரம் ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள். ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கக் கையேட்டில் சொல்லியிருந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தபின், எஞ்சின் ஏன் கொதித்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, தொட்டியின் மேல் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு மிதவைக் கம்பி இருக்கும். எங்களுடையது துருவில் சிக்கி, தொட்டி காய்ந்தபோதும் மேலேயே நின்றிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்த பையன் தண்ணீர் இருக்கிறது என்றே நினைத்திருக்கிறான். கம்பியையும் அது ஏறி இறங்கும் துளையையும் தேய்த்து, தண்ணீரை ஊற்றியும் வடித்தும் குமிழ் தானே ஏறி இறங்குகிறதா என்று நாலு முறை பார்த்தபிறகுதான் எஞ்சினை ஜெனரேட்டரோடு மாட்டினேன்.