பாயிண்ட் இருந்தும் கழிக்க முடியாதபோது

குன்னூரில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் வாங்கும் தொகைக்குப் பாயிண்ட் ஏறும், ஆனால் அதைப் பில்லில் கழிக்க முடியாமல் இருந்தது. கழிப்பதற்கான ஓ.டி.பி. எப்போதோ விட்டுவிட்ட பழைய செல் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய பில்லைக் காட்டியதும் மேலாளர் எண்ணை மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான் வேலை.

அப்புறம் கூப்பன். 1,000 ரூபாய்க்கு வாங்கினால் 100 தள்ளுபடி என்றால் 10 சதவீதம். ஆசைப்பட்டு 1,400 வரை இழுத்தால் அதுவே 7 சதவீதம்தான். தொகை கொஞ்சம் குறைந்தால் சோப்புக்கட்டி, பற்பசை என்று கெடாததாகப் பார்த்துச் சேர்ப்பேன். சலவைத்தூள் பெரிய பை மலிவுதான். ஆனால் இங்கே மழைக்காலத்தில் பிரித்த பை ஈரம் கோத்துக் கட்டி கட்டியாகிவிடும். இறுக மூடும் டப்பா இருந்தால் வாங்கலாம். கேரட், உருளைக்கிழங்குக்குக் கூப்பன் எதற்கு? உழவர் சந்தை இருக்கிறதே.