கொழும்பில் ஒரு வட்டாரத்தின் வறுமையையும் குடும்ப வருமானத்தையும் கணக்கெடுப்பது எப்படி?

கோயில் அறங்காவலர் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று கொழும்பில் உதவ முன்வருவோருக்குக் குறைவில்லை. ஆனால் எந்தத் தோட்டத்தில் (நெருக்கமான சிறு வீடுகள் கொண்ட நகரக் குடியிருப்பில்), எந்தத் தொடர்மாடியில், எத்தனை குடும்பங்கள் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எவ்வளவு தாழ்ந்துபோயின என்பதை அறிந்து உதவுவோர் மிகச் சிலரே. பெரும்பாலும் கேட்டு வருபவருக்குக் கிடைக்கிறது. கேட்கக் கூசுபவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ தமது சொந்த வட்டாரத்தின் நிலையை ஒரு சிறு குழுவாகக் கணக்கெடுக்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் அரச எண்களை வாசியுங்கள்

வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் வெளியிடும் குடும்ப வருமான செலவின ஆய்வைப் படித்துவிட வேண்டும். நெருக்கடிக்கு முந்திய நிலையை அறிய 2019 ஆய்வே சிறந்த தொடக்கம். அந்த ஆண்டில் நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் அது 51.3 சதவீதம்; கொழும்பு மாவட்டத்தில் 2.3 சதவீதம் மட்டுமே. இந்தக் கடைசி எண்ணைக் கண்டு கொழும்பில் வறுமை இல்லை என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. மாவட்டத்தின் சனத்தொகை 23 இலட்சத்துக்கும் அதிகம் என்பதால், அந்த 2.3 சதவீதம் என்பது 50,000 பேருக்கும் மேற்பட்ட மனிதர்களைக் குறிக்கிறது. மேலும், கறுவாத்தோட்டத்தின் மாளிகையும் புளூமெண்டல் பகுதியின் தகரக் கூரையும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. கொழும்பு மாநகரமே கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் வடகொழும்பின் நிலை மறைந்துபோகும்.

சராசரியைவிட இடைநிலை எண்ணையே நம்புங்கள். 2019 இல் நாட்டின் சராசரிக் குடும்ப மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபாதான். மேல்தட்டில் உள்ள சிலரின் பெரும் வருமானம் சராசரியை எவ்வளவு தூரம் உயர்த்துகிறது என்பதை இந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது.

வெவ்வேறு வறுமைக்கோடுகளால், அதாவது ஒருவர் வாழக் குறைந்தபட்சம் தேவை என்று வகுத்த வெவ்வேறு தொகைகளால், அளந்த விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இன்னொரு பொதுவான தவறு. 2016 ஆய்வு வெளியானபோது வறுமை 4.1 சதவீதம் என்று சொல்லப்பட்டது; 2019 இல் 14.3 என்று வந்ததற்கு முக்கிய காரணம் வறுமைக்கோடே புதுப்பிக்கப்பட்டமைதான், மூன்றாண்டில் வறுமை மூன்று மடங்கானது என்பதல்ல. அதுபோலவே, வறுமை 2021 இல் 13.1 சதவீதத்திலிருந்து 2022 இல் 25 சதவீதமாகியது என்றும் நகர்ப்புறத்தில் 5 இலிருந்து 15 ஆகியது என்றும் உலக வங்கி கணித்தது நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற சர்வதேசக் கோட்டை வைத்தே. அதைத் திணைக்களத்தின் 14.3 உடன் ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது. ஒரே கோட்டில் அளந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

வேலையின்மை விகிதத்தை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இலும் அடுத்த ஆண்டிலும்கூட அது 5 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்தது. கணக்கெடுப்புக்குரிய கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் வேலையுள்ளவராகவே எண்ணப்படுவதால், நான்கு நாள் வேலை இரண்டு நாளாகக் குறைந்தவரின் வீழ்ச்சி அதில் தெரிவதில்லை.

விலையைக் கழித்து வருமானத்தைப் பாருங்கள்

"சம்பளம் கூடித்தானே இருக்கிறது" என்ற வாதத்துக்கு விடை, பொருட்களின் விலையேற்றத்தை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் அதன்படி ஓராண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உச்சத்தைத் தொட்டன. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. இதை விலை இறங்கியதாகப் பலர் விளங்கிக்கொள்கிறார்கள். உண்மையில், ஏறிய விலைக்கு மேல் இன்னும் 1.3 சதவீதம் ஏறியது என்பதே அதன் பொருள்.

கணக்கு இலகுவானது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள், 2022 செப்டெம்பரில் 169.80 ரூபா, 2023 செப்டெம்பரில் ஏறக்குறைய 172 ரூபா. ஆகவே 2021 இல் 60,000 ரூபா உழைத்த குடும்பம் 2023 இல் அதே வாழ்க்கையை வாழ 103,000 ரூபாவுக்கும் மேல் உழைக்க வேண்டியிருந்தது. அக்குடும்பத்தின் வருமானம் 75,000 ஆக உயர்ந்திருந்தால், அதை 1.72 ஆல் வகுங்கள்: பழைய விலையில் ஏறக்குறைய 43,600 ரூபா. கையில் 15,000 ரூபா கூடியிருக்கிறது. வாழ்க்கை நாலில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருக்கிறது. உங்கள் அறிக்கையில் வரும் ஒவ்வொரு வருமான எண்ணையும் இப்படி ஒரே ஆண்டின் விலைக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இச்சுட்டெண்ணின் அடியாண்டு, அதாவது விலையை 100 என்று வைத்துத் தொடங்கும் ஆண்டு, 2023 தொடக்கத்தில் 2013 இலிருந்து 2021 க்கு மாற்றப்பட்டது. பழைய வரிசையின் எண்ணையும் புதிய வரிசையின் எண்ணையும் நேரடியாக வகுத்துவிடாதீர்கள். வறிய குடும்பம் வருமானத்தில் பெரும் பங்கை உணவுக்கே செலவிடுவதால், அவர்கள் உணர்ந்த விலையேற்றம் பொதுச் சுட்டெண் காட்டுவதிலும் அதிகம் என்பதையும் குறித்து வையுங்கள்.

கதவைத் தட்டும்போது

உதவி பெறுவோர் பட்டியலிலிருந்து குடும்பங்களைத் தெரிவுசெய்யாதீர்கள். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலத்திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றைத் தழுவிய 22 குறிகாட்டிகளால் குடும்பங்களை வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியல் ஒரு நலத்திட்டத்தின் பட்டியல், வறியோரின் முழுத் தொகை அல்ல. தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஐந்து கதவுக்கு ஒரு கதவு என்று போங்கள். தொடர்மாடியானால் எல்லா மாடிகளிலிருந்தும் எடுங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்கு மாறாமல், மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பிப் போங்கள். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டில்தான் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள்.

கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்து அங்கேயே தங்கும் மலையக இளைஞர்களை மறந்துவிடாதீர்கள். ஆய்வுகள் பொதுவாக வீட்டையே அலகாகக் கொள்வதால் இவர்கள் எளிதில் விடுபடுவார்கள்; புறக்கோட்டையில் ஒரு கடை மூடினால் ஹட்டனில் ஒரு வீட்டின் அடுப்பு அணைகிறது.

"மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வி அரச ஊழியருக்குப் பொருந்தும், நாட்கூலிக்காரருக்குப் பொருந்தாது. போன கிழமை எத்தனை நாள் வேலை கிடைத்தது, கடைசியாக வேலைக்குப் போன நாளில் கையில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். முச்சக்கர வண்டி ஓட்டுபவரிடம் ஓட்டத்தில் வந்த பணத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அது வருமானம் ஆகாது. பெற்றோல், லீசிங் தவணை, திருத்தச் செலவு ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதே அவரது உழைப்பு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம், அறை வாடகை, அஸ்வெசுமக் கொடுப்பனவு எல்லாவற்றையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். எந்த ஊற்று வற்றியது என்பது மொத்தத் தொகையில் தெரியாது.

பழைய வருமானத்தை ஆண்டைச் சொல்லிக் கேட்டால் விடை தெளிவாக வராது. "கொரோனா ஊரடங்குக்கு முன்", "பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில்", "இப்போது" என்று மூன்று காலங்களைச் சொல்லுங்கள். அறை வாடகை, பிள்ளையின் டியூஷன் கட்டணம், மின்கட்டணப் பட்டியல் ஆகியவற்றை மக்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்ததால், அந்தப் பட்டியல்கள் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

செலவைப் பற்றி வீட்டுப் பெண்ணிடமே கேளுங்கள்; அவர் தனியாகப் பேசக்கூடிய நேரத்தில் கேளுங்கள். அவர் விரும்பினால், கடனுக்கு வாங்கியவற்றை எழுதிவைக்கும் கடைக் கொப்பியைக் காட்டச் சொல்லலாம். வட்டாரத்தின் நிலையை அறிய அதைவிடச் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியாது. 400 கிராம் பால்மாப் பெட்டிக்குப் பதில் சிறு பைக்கற், அரைக் கிலோ பருப்பு நூறு கிராமாகச் சுருங்கியமை, பாதித் தேங்காய், மூன்று முட்டை, மாதக் கடைசியில் வெறும் பாணும் சீனியும். தொகையைவிட வாங்கும் அளவு சிறுத்துப் போவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக வாங்குபவர் அதே பொருளுக்குக் கூடிய விலை கொடுக்கிறார் என்பதும் அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.

கடனை விட்டுவிட்டால் கணக்கு பொய்த்துவிடும்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நமது நாட்டின் உத்தியோகபூர்வ வறுமை, நுகர்வுச் செலவைக் கொண்டு அளக்கப்படுகிறது. தாலிக்கொடியை அடகு வைத்துச் சோறு பொங்கும் குடும்பமும் செலவு செய்கிற குடும்பமாகவே அந்த அளவுகோலில் தெரியும். 2023 இல் திணைக்களம் பொருளாதார நெருக்கடியின் தாக்கத்தைப் பற்றி நடத்திய ஆய்வில் 60.5 சதவீதமான குடும்பங்கள் வருமானம் குறைந்ததாகவும், 91 சதவீதமான குடும்பங்கள் செலவு கூடியதாகவும் தெரிவித்தன. இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தைப் பல வீடுகளில் நகையும் கடனுமே நிரப்பின.

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்வோம். கணவர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. கிழமைக்கு நான்கு நாள் வேலை, நாளுக்கு 2,500 ரூபா. மாதத்துக்கு 4.3 கிழமை என்று வைத்தால் 43,000 ரூபா. மனைவி வீட்டு வேலைக்குப் போய் 25,000 ரூபா கொண்டுவருகிறார். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் சேர ஐந்து பேர். மொத்தம் 68,000, தலைக்கு 13,600. இப்போது அடகு வட்டி, சீட்டுத் தவணை, கடைப் பாக்கி என்று மாதம் 9,000 ரூபா போகிறது என்றால், வாழ்வதற்கு மிஞ்சுவது தலைக்கு 11,800 தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பின்னர் அவற்றைத் திணைக்களம் மாதந்தோறும் மாவட்ட வாரியாக வெளியிடும் வறுமைக்கோட்டுடன் ஒப்பிடுங்கள். நீங்கள் விசாரித்த அதே மாதத்துக்குரிய, கொழும்பு மாவட்டத்துக்கான எண்ணையே எடுக்க வேண்டும். 2019 இல் தலைக்கு மாதம் 6,966 ரூபாவாக இருந்த நாட்டுக் கோடு 2022 இறுதியில் 13,000 ரூபாவைத் தாண்டிவிட்டது என்பதே பழைய எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குச் சான்று. கோட்டுக்குக் கீழ், கோட்டுக்குச் சற்று மேல், கடனைக் கழித்தால் கீழே விழுவோர் என்று மூன்று வகையாகப் பிரியுங்கள். மூன்றாவது வகையினர்தான் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். வேலையுள்ளவர்கள் என்பதால் யாரும் அவர்களை வறியோராக எண்ணுவதில்லை.

கேள்வி தொடங்கும் முன்பே, இது நிவாரணப் பதிவு அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீண் நம்பிக்கை கொடுப்பது கொடுமை. அதனால் விடைகளும் கோணலாகும். படிவத்தில் பெயர் வேண்டாம், ஓர் இலக்கம் போதும். படம் எடுக்க வேண்டாம். சிங்களமும் தமிழும் தெரிந்த இருவர் சேர்ந்து போவது வடகொழும்பில் அவசியம்.

முப்பது குடும்பங்களுக்குக் குறைவாக விசாரித்திருந்தால் சதவீதம் போடாமல், இத்தனை குடும்பங்களில் இத்தனை என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். முடிவுகளை முதலில் அந்தத் தோட்டத்து மக்களுக்கே ஓர் அறையில் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். பிழைகளை அவர்கள் உடனே சொல்வார்கள். அதன் பிறகே பிரதேச செயலகத்துக்கும் உதவும் சபைகளுக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே கேள்விகளோடு, அதே வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நோன்பு மாதம், பாடசாலை தொடங்கும் காலம் ஆகியவற்றில் செலவு வேறாக இருப்பதால், மாதம் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும். இரண்டாம் முறை போகும்போது வெளியேறிவிட்ட குடும்பங்களைப் பக்கத்து வீட்டில் விசாரித்து, எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.