குட்டிச் சுருட்டின் ருசியைக் கெடுக்கும் அவசரங்கள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சுருட்டு புதிதல்ல. வலையைச் சரிபார்த்துக்கொண்டே வாயோரம் ஒன்றைச் செருகியிருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். முனீஸ்வரன் படையலிலும் சுருட்டுக்கு ஓர் இடம் உண்டு. திண்டுக்கல்லிலும் உறையூரிலும் சுருட்டி ஊரெல்லாம் போன சரக்கு அது. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. இப்போது கப்பலில் வேலை பார்ப்பவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் கையோடு கியூபா, நிகரகுவா, டொமினிக்கன் குடியரசுச் சரக்கும் வந்து சேர்கிறது. அதில் சின்ன அளவுச் சுருட்டுகளும் உண்டு. உருவம் சின்னது, ருசி கனம், பெரிய சடங்கெல்லாம் கேட்காத சாதாரண நாளுக்கான சுருட்டு.

இந்தக் குட்டிச் சுருட்டைக் கெடுக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: சிகரெட் பிடித்துப் பழகிய கை இதையும் சிகரெட்டாகவே நடத்துகிறது. அளவு சின்னது என்பதால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. பெரிய சுருட்டு இந்த அவசரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சின்னது பொறுக்காது.

காரணம் எளிது. 'ரொபஸ்டோ' என்ற தடித்த அளவு 124 மில்லிமீட்டர் நீளம், 50 கேஜ் தடிமன். குட்டி வகையில் ஒன்றான 'பெட்டிட் கொரோனா' நீளத்தில் குறையாது, 129 மில்லிமீட்டர்; தடிமன்தான் 42 கேஜ். ஒரு கேஜ் என்பது அங்குலத்தில் 64ல் ஒரு பங்கு; ஆக முதலாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம், இரண்டாவது 17க்கும் கீழே. அதே மூச்சை இழுத்தால் மெல்லிய சுருட்டுக்குள் காற்று வேகமாகப் போகும், கங்கு சட்டென்று சூடாகும். நீளமும் குறைவாக இருந்துவிட்டால் கங்கு வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும், புகை ஆறி வர இடமே இல்லை. சூடேறிய புகையில் முதலில் காணாமல் போவது இனிப்பு. அப்புறம் கசப்பும் நாக்கைச் சுடும் நெடியும்தான் மிச்சம். "இந்தச் சரக்கு ரொம்பக் கசப்பு" என்று தூக்கிப் போடப்படும் பல சுருட்டுகளில் சரக்கின் மேல் குற்றமே இருக்காது.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது பொதுக் கணக்கு. மெல்லிய சுருட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளியும் இழுக்கலாம். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. விரல் பிடித்திருக்கும் இடத்தில் சூடு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்துபோனாலும் பரவாயில்லை. ஒரு பெட்டிட் கொரோனாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதென்றால் அன்றைக்கு அது வேண்டாம்.

அடுத்தது, புகையை நெஞ்சுக்குள் இழுப்பது. சிகரெட் புகை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால் நிக்கோட்டின் பெரும்பாலும் நுரையீரல் வழியாகவே ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்தோல் வழியாகவே ஏறிவிடும். வாயில் வைத்துச் சுழற்றி வெளியே விட்டால் போதும். சிகரெட்காரர்கள் பழக்கதோஷத்தில் உள்ளே இழுத்துவிட்டு, ஐந்தாவது இழுப்பில் முகம் வெளுத்து, குளிர்ந்த வியர்வையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குமட்டல், தலைசுற்றல், விக்கல் எல்லாம் அளவு மீறிவிட்டது என்பதற்கான அறிகுறிகள். உடனே நிறுத்திவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் வெறும் வயிற்றில் பற்ற வைப்பவர்களுக்கு இது எளிதில் வரும்.

உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அது தப்பு. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆந்திரக் கடற்கரையில், ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண்களிடம், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. அண்ணத்தில் புற்று வருவது அங்கே அதிகமானதற்கு அதுதான் காரணம். பழக்கமில்லாதவர் யாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவருக்கும் ஒரு சுருட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகமானால் நல்லது, ருசிக்கும் அதுவே நல்லது.

சரி, ருசிக்கு வருவோம். காட்டமும் ருசியும் ஒன்று என்று நினைப்பதுதான் இங்கே பெரிய குழப்பம். காட்டம் என்பது நிக்கோட்டின் கொடுக்கும் அடி, அது உடம்பில் தெரியும். ருசி நாக்கிலும் மூக்கிலும் தெரியும். புகையிலைச் செடியின் உச்சியில் வெயில் வாங்கிய தடித்த இலை 'லிகேரோ'. காட்டம் அதில்தான் அதிகம், எரிவதும் மெதுவாக, அதனால் சுருட்டின் நடுவில் வைப்பார்கள். நடுப்பகுதி இலை 'செகோ', மணம் கொடுப்பது. அடி இலை 'வொலாடோ', சீராக எரிய உதவுவது. இந்தக் கலவையைப் பொறுத்து, வாய் நிறைய ருசி கொடுத்தும் தலையை அசைக்காத சுருட்டு உண்டு. ருசியே இல்லாமல் ஆளைச் சாய்ப்பதும் உண்டு.

கறுப்பாக இருந்தால் காட்டம் என்பதும் இதே குழப்பத்தின் கிளைதான். 'மதுரோ' என்று விற்கும் கறுப்புச் சுருட்டின் மேல் சுற்று இலை அதிக நாள் புளிக்கவைத்துக் கறுத்தது. பெரும்பாலும் அதில் கருப்பட்டி, காப்பிக்கொட்டை வாசனையோடு ஒரு மெல்லிய இனிப்புத்தான் வரும். இங்கே சின்ன அளவுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது: சுருட்டு மெலிய மெலிய, உள்ளே இருக்கும் இலையோடு ஒப்பிட்டால் மேல் இலையின் பங்கு கூடுகிறது. நல்ல மேல் இலையின் குணம் தெரிய வேண்டுமானால் மெல்லிய சுருட்டில்தான் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், தடித்த சுருட்டுக்குக் கொடுக்கும் காசில் பாதி ஆடம்பரத்துக்குத்தான் போகிறது.

இந்த ருசியில் பெரும்பகுதி மூக்கில் இருக்கிறது. வாயில் இருக்கும் புகையின் பெரும்பங்கை முதலில் வெளியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக மெதுவாக விட்டுப் பாருங்கள். மிளகு, சுக்கு, பழைய மரப்பெட்டி, ஈர மண் என்று வாயில் தெரியாத வாசனைகள் அங்கே பிரியும். முழுப் புகையையும் மூக்கில் விட்டால் கண்ணில் தண்ணீர்தான் வரும். ஒவ்வோர் இழுப்புக்கும் இதைச் செய்யவும் வேண்டாம்.

வெளிநாட்டு விமர்சகர் செடார் என்றும் லெதர் என்றும் எழுதியதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். செடார் மரத்தை மோந்தே பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்? கொத்தவால் சாவடி மளிகை மண்டிகள் பக்கம் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், வெல்லம், காய்ந்த திராட்சை என்று தேவையான அகராதி அத்தனையும் மூட்டையில் திறந்து கிடக்கிறது.

வாயைத் தயாராக வைக்காததும் ஒரு தவறு. பீச் ரயில் நிலையம் எதிரே ஒரு தட்டு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், பூண்டும் வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூக்கலாகச் சாப்பிட்டுவிட்டு நேராகச் சுருட்டுக்கு வந்தால், நாக்குக்கு வேறெதுவும் ஏறாது. வெற்றிலை பாக்கு போட்ட வாயும் அப்படியே. சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு ஆரம்பிக்கலாம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கூடக் குடிக்க, பால் விடாத சுலைமானி டீ கனமான சுருட்டோடு நன்றாகப் போகும். சர்க்கரை தூக்கலான பால் டீ எல்லாவற்றையும் மூடிவிடும்.

பற்ற வைப்பதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு தவறு, பெட்டிக்கடையில் புகைந்துகொண்டு தொங்கும் தேங்காய்நார்க் கயிறு. சிகரெட்டுக்கு அது போதும். சுருட்டுக்கு வைத்தால் முதல் கால் மணி நேரம் நார்ப் புகைதான் ருசி. பெட்ரோல் லைட்டரும் வேண்டாம், சாமி அறைக் கற்பூரமும் வேண்டாம். கேஸ் லைட்டர் நல்லது. தீக்குச்சி என்றால் தலையில் உள்ள மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, அப்புறம் குச்சியின் தீயைக் காட்டுங்கள். தீ சுருட்டைத் தொடாமல், முனைக்குக் கொஞ்சம் கீழே பிடித்துச் சுருட்டைத் திருப்பிக்கொண்டே வாட்ட வேண்டும். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் முதல் இழுப்பு. ஒரு பக்கம் மட்டும் பிடித்த சுருட்டு கடைசிவரை கோணலாகவே எரியும்.

மூடிய முனையைப் பல்லால் கடித்துத் துப்புவது பார்க்கக் கெத்தாக இருக்கலாம், மேல் இலை பிரிந்து கையோடு வந்துவிடும். தொப்பியாக ஒட்டியிருக்கும் பகுதியில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் கூர்மையான கட்டரால் வெட்டினால் போதும். இரண்டு முனையும் திறந்திருக்கும் நாட்டுச் சுருட்டுக்கு வெட்டே தேவையில்லை.

மொட்டை மாடிதான் நமக்கெல்லாம் இடம். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் காசிமேடு, திருவொற்றியூர் மாடியில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். காற்று பட்ட பக்கம் வேகமாக எரியும், நீங்கள் மெதுவாக இழுத்தாலும் கங்கு சூடாகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்குங்கள். கருவாடு காயும் நாளிலும் மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று வீசும் நாளிலும் மணத்தை அலசி ஆராயும் ஆசையை விட்டுவிடலாம்.

இனி, இந்த ஊரில் மிகவும் படுத்துகிற விஷயம்: பாதுகாப்பு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு ஈரம் ஏற்றுகிறேன் என்று டப்பாவுக்குள் நனைந்த பஞ்சு வைப்பவர்கள் இருக்கிறார்கள். கையால் சுருட்டிய சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீத ஈரப்பதம். சென்னைக் காற்றில் பல நாள் அதற்கு மேலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ஈரம் மிஞ்சினால் சுருட்டு உப்பும், இழுப்பு அடைக்கும், அடிக்கடி அணையும், அப்புறம் பூஞ்சை. நம் வேலை ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். காற்றுப் புகாத கண்ணாடி ஜாடி, அதில் ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்யும் 65 சதவீதப் பாக்கெட் ஒன்று, ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். மீட்டரை நம்பலாமா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சில துளித் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து மூடிய பையில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தகர டப்பாவில் வரும் நெதர்லாந்து, டென்மார்க் வகைச் சிறு சுருட்டுகளுக்கு இதெல்லாம் கிடையாது. அவை உலர்ந்த நிலையிலேயே பிடிப்பதற்காகச் செய்தவை.

பீரோவில் வைத்தால் அந்துருண்டை வாசனை ஏறும். சாமி அலமாரியில் ஊதுபத்தி. ஃபிரிட்ஜில் மாவு, மீன் குழம்பு. புகையிலை எதையும் விடாமல் உறிஞ்சும்.

அப்புறம் வண்டு. மிளகாய்த்தூள், மஞ்சள் டப்பாவில் வருமே, அதே பழுப்புப் பூச்சிதான் புகையிலை வண்டும். இலைக்குள் முட்டையாக இருந்து, நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் பொரிந்து, மேல் இலையில் குண்டூசித் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஒரு சுருட்டில் துளை கண்டால் ஜாடி முழுவதையும் சந்தேகப்பட வேண்டும். நல்லதாகத் தெரிபவற்றைக் காற்றுப் புகாத பையில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், அதன் பிறகு வெளியே. நேராக ஃபிரீசரில் போட்டு நேராக வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும்.

கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபா சுருட்டு என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பெட்டியில் அசல் கியூபா வருவதில்லை. அந்தக் காசுக்கு நல்ல திண்டுக்கல் சுருட்டு ஒரு கட்டே வாங்கலாம்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் தாரும் ஈரமும் சேர்ந்து ருசி கனத்துவிடும். ஒருமுறை இழுக்காமல் சுருட்டுக்குள் மெதுவாக ஊதிவிட்டால் கொஞ்சம் தெளியும். அதற்கு மேலும் கசந்தால் போதும், விரல் சுடும்வரை இழுக்க வேண்டியதில்லை. சிகரெட்டை நசுக்குவதாக நினைத்து நசுக்கினால் நாற்றம்தான் கிளம்பும்; சாம்பல் தட்டில் வைத்துவிட்டால் தானே அணையும். அணைந்ததைச் சாம்பல் தட்டி ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பற்ற வைக்கலாம். காதில் செருகியோ சட்டைப் பையில் போட்டோ மறுநாளுக்கு வைத்தால், ராத்திரி முழுக்கச் சாம்பல் நெடி இலைக்குள் ஊறியிருக்கும். மறுநாள் அதைப் பற்ற வைப்பதைவிடக் குப்பையில் போடுவது மேல்.