எக்ஸாஸ்ட் மாற்றிய காரில் ஹைஃபை ஆடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது வினாடிக்கு 100 முறை சிலிண்டர்களுக்குள் எரிபொருள் வெடிக்கிறது. அதாவது 100 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடியும் நடமாடுகிற இடமும் அதுதான். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்ட காரில், நெடுஞ்சாலை வேகத்தில் அந்த 100 ஹெர்ட்ஸ் கேபினுக்குள் இடைவிடாமல் முழங்கும். அதன்மேல் இசையைக் கேட்க வேண்டும் என்பதுதான் இங்கே உள்ள சிக்கல். சாதாரண செடானில் எடுபடும் வேலைமுறையை அப்படியே இதில் செய்தால் பாதி காசு வீண்.

உதாரணத்துக்கு 2012இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையரை எடுத்துக்கொள்வோம். மாடிஃபை செய்பவர்களுக்குப் பிடித்த கார். எடை சுமார் 1,250 கிலோ, நீளமான இரண்டு கதவு, சட்டம் இல்லாத கண்ணாடி, முன்னால் மடங்கி டிக்கிக்கு வழிவிடும் பின்சீட். இதில் நடக்கும் தவறுகள்தான் கொஞ்சம் மாறுபட்டு மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களிலும் நடக்கின்றன.

முதல் தவறு: ஆடியோவை முதலில் செய்வது

எக்ஸாஸ்ட், சீட், ரோல் கேஜ் (விபத்தில் காக்கும் குழாய்க் கூண்டு), பேட்டரி நான்கும் முடிவாகாமல் ஸ்பீக்கர் வாங்கக் கூடாது. பக்கெட் சீட் போட்டால் தலை சில சென்டிமீட்டர் கீழேயும் பின்னாலும் போகும். அதற்கு முன் செய்த ட்யூனிங் எல்லாம் பழைய தலைக்குத்தான் பொருந்தும். கேஜ் வந்தால் வயர் போகும் வழி மாறும். எக்ஸாஸ்ட் மாறினால் எந்த அலைவரிசையில் முழக்கம் வருகிறது என்பதே மாறிவிடும்.

முழக்கத்தை ஈக்வலைசரால் வெல்லப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 100 ஹெர்ட்ஸை 6 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும். எஞ்சின் சத்தம் அப்படியே இருக்கும், ஸ்பீக்கர்தான் திணறும். முழக்கத்தைக் குழாயிலேயே அடக்குவதுதான் வழி. எக்ஸாஸ்ட்டில் இருந்து கிளைபிரிந்து முனை அடைபட்ட ஒரு குழாயை வெல்டிங் செய்கிறார்கள். வடிவத்தால் ஜே-பைப் என்று பெயர். நீளத்துக்கான கணக்கு: ஒலிவேகத்தை அலைவரிசையின் நான்கு மடங்கால் வகுப்பது. 100 ஹெர்ட்ஸுக்குச் சாதாரணக் காற்றில் 86 செ.மீ. வரும். உள்ளே இருப்பது சூடான வாயு, அதில் ஒலி வேகமாகப் போகும். அதனால் நடைமுறையில் ஒரு மீட்டரை ஒட்டி அல்லது தாண்டிப் போகும். முதலில் ஃபோனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்து முழக்கம் 90இலா 120இலா என்று பார்த்துவிட்டு வெட்டவும்.

டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்க ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தாள்) ஒட்டினால் எக்ஸாஸ்ட் சத்தம் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. பியூட்டைல் ஷீட்டின் வேலை தகரம் அதிர்வதைக் குறைப்பது மட்டும். அதற்குத் தகரப் பரப்பில் 30 முதல் 40 சதவீதம் மூடினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல். தரை, கதவு, டிக்கி என்று மூச்சுவிட இடமில்லாமல் ஒட்டி, கார்பன் பானெட் போட்டுக் குறைத்த எடையைத் திருப்பி ஏற்றிக்கொள்வது நல்ல வேடிக்கை. விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்குவது அதைவிட மோசம்: வெயிலில் நிறுத்திய காரில் இளகி வழிந்து, கதவுக்குள் கறுப்புக் களியாக நிற்கும்.

கரண்ட்

800 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) கொண்ட அமைப்பு என்று வைப்போம்: கதவுகளுக்கு 75 வாட் நான்கு சேனல், சப்வூஃபருக்கு 500. கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் திறன் 80 சதவீதம் என்றால் முழு ஓட்டத்தில் 1000 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 72 ஆம்பியர். பேட்டரியில் இருந்து டிக்கி வரை 5 மீட்டருக்கு 4 கேஜ் செம்பு வயர் (21 சதுர மி.மீ.) போட்டால் இழப்பு 0.3 வோல்ட் அளவில் நிற்கும். அதே தடிமனில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ வயர் என்றால் கிட்டத்தட்ட அரை வோல்ட். பெட்டியில் "4 கேஜ்" என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே ரப்பர் உறை தடிமனாகவும் கம்பி மெலிதாகவும் இருக்கும் கிட்டுகள் சந்தையில் நிறைய. வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற இருப்பதாக நினைத்து டிக்கியில் மாட்டுகிறார்கள். அது இருப்பது வயரைக் காப்பாற்ற. பேட்டரியில் இருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன அமைப்புக்கு 80 அல்லது 100 ஆம்பியர். டிக்கியில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், ஃபயர்வாலில் உரசி உறை கிழிந்த வயர் பாடியைத் தொட்ட நொடியில் அணைக்க எதுவும் இல்லை. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். டர்போ போட்டிருந்தால் டவுன்பைப்புக்கு (டர்போவில் இருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) அருகே வயரைக் கொண்டுபோகாதீர்கள். உறை தாங்குவது பெரும்பாலும் 105 டிகிரி வரைதான், டவுன்பைப்போ பல நூறு டிகிரி.

மாடிஃபை செய்த காருக்கே உரிய மூன்று கோளாறுகளைச் சாதாரண ஆடியோ கடைகள் கவனிப்பதில்லை.

ஒன்று, கிராங்க் புல்லி. எடை குறைந்த புல்லி, விட்டம் பழையதே என்றால் பிரச்சினை இல்லை. விட்டமும் சிறிதாக்கிய அண்டர்டிரைவ் புல்லி என்றால் ஆல்டர்னேட்டர் எப்போதும் மெதுவாகச் சுற்றும். சிக்னலில் ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் 13க்குக் கீழே சரிந்து, சப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கும். கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுவது இதற்கு மருந்து அல்ல, உற்பத்தியே குறைவு. பழைய புல்லிக்குத் திரும்புங்கள், அல்லது ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்.

இரண்டு, எடை குறைக்க மாட்டிய சிறிய லித்தியம் பேட்டரி. ஸ்டார்ட் செய்ய நன்றாகத் தள்ளும், ஆனால் கொள்ளளவு சொற்பம். எஞ்சினை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பாட்டு கேட்டால் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தமாகத் துண்டித்துவிடும். அப்புறம் கார் ஸ்டார்ட் ஆகாது.

மூன்று, டிராக்குக்குப் போகும் காரின் கட்-ஆஃப் சுவிட்ச். ஆம்ப்ளிஃபயர் வயரை நேராகப் பேட்டரியின் பிளஸ்ஸில் பிடித்தால், சுவிட்சை அணைத்த பிறகும் காரின் நீளம் முழுக்க உயிருள்ள வயர் கிடக்கும். விபத்தில் சுவிட்ச் இருப்பதன் பொருளே இல்லாமல் போகிறது. வயர் சுவிட்சின் மறுபக்க முனையில் இருந்துதான் புறப்பட வேண்டும்.

எர்த் பற்றிச் சுருக்கமாக: பாசிட்டிவ் வயரின் அதே தடிமன், 45 செ.மீ.க்குள் நீளம், பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகரம் தெரிந்த பிறகு லக் (வயர் நுனியில் மாட்டும் வளைய முனை), பல்வாஷர், போல்ட், அதன்மேல் துருத்தடுப்பு. சீட்பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பதைப் பார்த்தால் அந்தக் கடையை விட்டு வெளியேறலாம். அந்த போல்ட்டின் இறுக்கம் உயிர் சம்பந்தப்பட்டது. ரோல் கேஜ் குழாயும் வேண்டாம், அதன் பாதத்தகட்டுக்கும் பாடிக்கும் இடையே பெயின்ட்தான் இருக்கும். பேட்டரி மைனஸில் கரண்ட் சென்சார் உள்ள கார்களில் எர்த்தை நேராக மைனஸ் முனையில் பிடித்தால் சார்ஜிங் கணக்கு குழம்பும். சென்சாரைத் தாண்டிப் பாடியில் பிடிக்கவும்.

கதவுதான் ஸ்பீக்கர் பெட்டி

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய 6.5 அங்குல ஸ்பீக்கரைக் கம்பெனி இடத்தில் அப்படியே திருகிவிட்டு "பேஸ் இல்லை" என்று சொல்வது வழக்கம். ஸ்பீக்கரின் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஓட்டைகளை அடைத்தால் போதும், பாதி விலை ஸ்பீக்கர்கூட எழுந்து நிற்கும்.

அடைக்கப் பியூட்டைல் ஷீட்டை மட்டும் பாலம்போல ஒட்டினால் சூட்டில் தொய்ந்து, பேஸ் வரும்போது அதுவே தோல்வாத்தியம்போல அதிரும். 1 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தில் ஃபோம் பட்டை வைத்துத் திருகவும். பிற்பாடு ஜன்னல் மோட்டாரைக் கழற்ற வேண்டிவந்தால் கிழிக்காமல் திறக்கலாம். ஷீட் ஒட்டும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மூடிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கதவு துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் காற்றழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கிறது. அத்தகைய காரில் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் அடைப்பு வேலை கூடாது.

ஸ்பீக்கரைப் பொருத்தும் வளையத்துக்கு எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வேண்டாம். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, எம்டிஎஃப் ஊறி உப்பிவிடும். ஹெச்டிபிஇ பிளாஸ்டிக்கோ சீல் செய்த மரைன் பிளைவுட்டோ போடலாம். வளையத்தின் தடிமனை முடிவுசெய்யும் முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளியை அளக்கவும். வளையத்துக்கும் கதவு டிரிம்முக்கும் இடையே ஃபோம் வளையம் இல்லாவிட்டால் பாதிச் சத்தம் டிரிம்முக்குப் பின்னாலேயே சுற்றும்.

86இல் இன்னொரு பொறி உண்டு. கதவைத் திறந்தால் சட்டமில்லாத கண்ணாடி தானே சற்று இறங்கும். பேட்டரியைக் கழற்றிய பின் அது இறங்காது. ரப்பரில் மோதியபடி கதவைத் திறப்பதும் சாத்துவதும் நடக்கும். கழற்றும் முன்னரே இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள்.

ட்வீட்டருக்கு (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) ஏ-பில்லரில் (முன்கண்ணாடி ஓரத் தூண்) ஃபைபர் கோப்பை செய்வது அழகாகத்தான் இருக்கும். பில்லருக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்தக் கோப்பை வெடிப்பில் முகத்தை நோக்கி வரும் எறிபொருள். கண்ணாடி மூலையிலோ டேஷ்போர்டின் மேலேயோ இடம் பாருங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைக் கழற்றி வைத்திருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், பல கார்களில் கோளாறுக் குறியீட்டை அழிக்கும்வரை அணையாது.

சப்வூஃபர்

சிறிய கேபினில் தாழ்ந்த அலைவரிசைகள் தாமாகவே உயரும். சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபின் கொடுக்கும் ஏற்றமும், மூடிய பெட்டி இயல்பாகக் கொடுக்கும் இறக்கமும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் இத்தகைய காருக்கு 10 அங்குல சப், 17 லிட்டர் அளவில் மூடிய பெட்டி போதும் (துல்லிய அளவு அந்தச் சப்பின் தாளில் இருக்கும்). போர்ட் வைத்த பெரிய பெட்டி அந்த ஏற்றத்தின் மேல் ஏற்றம் சேர்த்து ஒரே சுருதியில் உறுமும். மேற்கூரை திறக்கும் காரில் கூரையைத் திறந்ததும் இந்த உதவி காணாமல் போகும். அதற்குத் தனி ப்ரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) வேண்டும்.

பெட்டியைச் சும்மா வைக்காதீர்கள். 20 கிலோ பெட்டி, மணிக்கு 50 கி.மீ. மோதலில் கார் 60 செ.மீ.க்குள் நின்றால், 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையைப் போலப் பின்சீட்டைத் தள்ளும். நான்கு எம்6 போல்ட், அடியில் அகலமான வாஷர். ஸ்டெப்னி குழியில் பெட்டி கட்டினால் பஞ்சர் கிட் வாங்கி வைக்கவும்.

இணைப்பும் செட்டிங்கும்

கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) சேர்க்கும்போது, அதில் ஏற்கெனவே ஈக்வலைசேஷன் கலந்திருப்பதை அளந்து நீக்க வேண்டும். கூடவே, கார் தானே உண்டாக்கும் சத்தத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் தலைமுறை 86இல் அது எஞ்சின் காற்றுக்குழாயில் இருந்து கேபினுக்கு வரும் ஒரு குழாய். கழற்றித் துளையை மூடினால் முடிந்தது. பின்னால் வந்த ஜிஆர்86இல் அது ஸ்பீக்கர் வழியாக வருகிறது. எஃப்10 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்5இலும் அப்படித்தான். அணைக்காமல் பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் போலி எஞ்சின் சத்தமும் பெருகும். மைக் வைத்து இரைச்சலை அழிக்கும் வசதி உள்ள கார்களில் புதுச் சப்போடு அது மோதி ஊளையிடும்; மைக்கைக் கழற்றவும்.

கெயின் (வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு) என்பது வால்யூம் அல்ல. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, சப்புக்கு 40 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றவும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அளவு கிடைக்கும்: 75 வாட், 4 ஓமுக்கு 17.3 வோல்ட், 500 வாட், 2 ஓமுக்கு 31.6. அங்கே நிறுத்துங்கள். இரட்டைக் காயில் சப்பில் 4 ஓம் காயில்களை இணையாகச் சேர்த்தால் 2, தொடராகச் சேர்த்தால் 8.

டிஎஸ்பியில் ஃபில்டர் போடும் முன் ட்வீட்டரை இணைத்து எரிப்பவர்கள் ஏராளம். 4 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காப்பாக இருக்கட்டும். தொடக்கத்துக்கு ட்வீட்டர் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல், கதவு ஸ்பீக்கர் 80 முதல், சப் 80 வரை, எல்லாம் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு.

நேரச் சீரமைப்பு (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்ட, அருகில் உள்ளதைத் தாமதிப்பது): பக்கெட் சீட்டில் பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் காதுவரை அளக்கவும். ஒலி ஒரு மில்லிவினாடிக்கு 34.3 செ.மீ. போகும். சப் 190, இடது ட்வீட்டர் 140, வலது 90 செ.மீ. என்றால் சப்புக்கு 0, இடதுக்கு 1.46, வலதுக்கு 2.92 மில்லிவினாடி தாமதம்.

ஸ்பீக்கரில் ஆர்பிஎம்மோடு ஏறும் ஊளை வந்தால் பெரும்பாலும் எர்த். ஆர்சிஏ வயரையும் (இசை சிக்னலைக் கொண்டுபோகும் வயர்) பவர் வயரையும் தனித்தனிப் பக்கம் ஓட்டுவது நல்லதுதான், ஆனால் அதைத் திரும்பச் செய்வதற்கு முன் எர்த்தைத் தேய்த்துப் பிடியுங்கள். இக்னிஷன் போட்டதுமே மாறாத சுருதியில் வந்தால் டிக்கிப் பக்கம் உள்ள பெரிய ஃபியூயல் பம்ப்பைச் சந்தேகிக்கலாம்; பம்ப்பும் டிஎஸ்பியும் ஒரே எர்த் போல்ட்டில் இருந்தால் பிரிக்கவும். இரைச்சல் ஃபில்டர் வாங்குவது கடைசி வழி.

கடினமான காயில்ஓவர் சஸ்பென்ஷனில் கார் விடாமல் அதிரும். தடித்த வயரில் லக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து ஓரத்தில் முறியும். ஹைட்ராலிக் கிரிம்பிங் செய்யவும். 500 கி.மீ. ஓடிய பிறகு எல்லா லக்கையும் மறுபடி இறுக்கி, சப் ஓடும்போது ஃபியூஸ் ஹோல்டரின் இரு முனைக்கும் இடையே டிசி வோல்ட்டேஜைப் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ஹோல்டர் உள்ளே சூடாகிக்கொண்டிருக்கிறது, மாற்றுங்கள்.